லெவல் ஒண்ணு போதும் மாமா

இங்கிலாந்தில் வீடு விற்கிறவர், கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது. அவ்வளவுதான். கூரை ஒழுகுகிறது என்பதை அவராக வந்து நம் காதில் போட வேண்டியதில்லை. பார்த்து வாங்குவது நம் பாடு. ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. அங்கே 2008 டிசம்பர் முதல், விற்கிறவரே கட்டடத்தைப் பரிசோதித்து அறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நாங்கள் வீடு பார்த்ததோ மில்டன் கீன்ஸில். ஓர் அறிக்கையை மிச்சம் பிடிப்பதற்காக ஸ்காட்லாந்துக்குக் குடிபோக மனைவி சம்மதிக்கவில்லை.

கடன் கொடுக்கிற வங்கியும் வீட்டை மதிப்பிட ஆள் வைக்கும். பலர் அதையே பரிசோதனை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அந்த மதிப்பீடு வங்கிக்காக. நாம் தவணை கட்டாமல் ஓடிப்போனால் போட்ட பணம் தேறுமா என்பதுதான் அதன் கவலை. சில சமயம் மதிப்பிடுகிறவர் வீட்டுப் பக்கமே வராமல், மேஜையில் உட்கார்ந்தபடி கணினியைப் பார்த்து முடித்துவிடுவார். ஆகவே நமக்காகப் பார்க்க நாம்தான் சர்வேயர் வைக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரு பெரிய சங்கம் உண்டு. ஆர்.ஐ.சி.எஸ். என்பார்கள், 1868-இல் தொடங்கியது. பரிசோதனையை அது மூன்று லெவலாகப் பிரித்து வைத்திருக்கிறது. லெவல் ஒன்று அடிப்படை: எந்தப் பாகம் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எப்படிச் சரி செய்வது என்று சொல்லாது, வீடு என்ன விலை பெறும் என்றும் சொல்லாது. லெவல் இரண்டு, பழுதுக்கு என்ன செய்யலாம் என்று யோசனையும் சொல்லும். லெவல் மூன்று, பழைய வீடு, பெரிய வீடு, இடித்து மாற்றிக் கட்டிய வீடு ஆகியவற்றுக்கான அலசல். விக்டோரியா மகாராணி காலத்து வீடு வாங்கிய நண்பர் ஒருவர் லெவல் மூன்று எடுத்தார். அறிக்கையைப் படித்து முடித்தபோது வீடு இன்னும் நின்றுகொண்டிருப்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் வீடு 2016-இல் கட்டியது. செங்கல், கான்கிரீட் ஓடு, சுற்றிலும் அதே அச்சில் நாற்பது ஐம்பது வீடுகள். நான் லெவல் ஒன்று என்று முடிவு செய்தேன். வேறொருவர் கூட இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கூட இருந்தவர் என் மாமனார்; மதுரையில் பொதுப்பணித்துறைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், விசிட்டர் விசாவில் வந்திருந்தார்.

“மூணு லெவல் இருக்கும்போது ஒண்ணு எதுக்கு மாப்பிள்ளை? ஸ்கூல்லயும் ஒண்ணாங்கிளாஸோடவா நிறுத்துனீங்க?”

“புது வீடு மாமா. ஆஸ்பெஸ்டாஸ் பயம் இல்லை, 1999-லயே தடை பண்ணிட்டாங்க. ஈயக் குழாய் இல்லை. பத்து வருஷ வாரண்டியில இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு.”

“கட்டடத்துக்கு வாரண்டியா?”

உண்டு. இங்கே புது வீடுகள் பலவற்றுக்கு என்.எச்.பி.சி. போன்ற அமைப்புகளின் வாரண்டி வரும். முதல் இரண்டு வருடம் கட்டியவரே வந்து குறைகளைச் சரி செய்ய வேண்டும். அதன் பிறகு பத்தாம் வருடம் வரை அஸ்திவாரம், கூரை மாதிரியான பெரிய பழுதுகளுக்குக் காப்பீடு. வீடு கைமாறினாலும் மிச்சக் காலம் கூடவே வரும். மாமா இதை நம்பவில்லை. ஒப்பந்தக்காரர் இரண்டாம் வருடமும் ஃபோன் எடுப்பார் என்ற செய்தி, முப்பது வருட சர்வீஸில் அவர் கேள்விப்படாதது.

அவர் கேட்டதில் ஒரு கேள்வி மட்டும் எனக்கு உறைத்தது. “உள்ள ஏதும் மாத்திக் கட்டியிருக்காங்களா?” அது சரியான கேள்வி. கட்டின வருடத்தை மட்டும் பார்த்து லெவல் ஒன்று எடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். புது வீடுகளின் கூரைக்குள் மெல்லிய மரச் சட்டங்களைக் கோத்து ஒன்றையொன்று தாங்க வைத்திருப்பார்கள். அங்கே இன்னோர் அறை கிடைக்குமே என்று யாராவது இரண்டு சட்டத்தை அறுத்திருந்தால், நேற்றுக் கட்டிய வீடானாலும் லெவல் மூன்றுக்குத்தான் போக வேண்டும். அதனால் இரண்டாம் முறை வீட்டைப் பார்க்க மாமாவையும் அழைத்துப் போனேன்.

விற்கிறவர் தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பெண்மணி. மாமா வணக்கம் சொல்லிவிட்டு நேராகப் போய்ச் சுவரைத் தட்டினார். டொக் டொக் என்றது.

“மாப்பிள்ளை, இது சுவரா அட்டையா?”

அட்டைதான். இங்கே புது வீடுகளின் உள்சுவர்கள் பலவற்றை மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துத்தான் கட்டுகிறார்கள். மாமா அறை அறையாகத் தட்டிக்கொண்டே போனார். பிறகு எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு மாடியில் ஷவர் எப்படி வருகிறது என்று பார்த்தார். எந்த லெவல் சர்வேயரும் செய்யாத சோதனை இது. அந்தம்மா கெட்டிலில் தண்ணீர் பிடிக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கூரைக்குள் சட்டங்கள் முழுசாக இருந்தன. நான் லெவல் ஒன்றுக்கே பணம் கட்டினேன்.

சர்வேயர் வருகிற அன்று வாங்குகிறவர் பக்கத்தில் நிற்கும் வழக்கம் இல்லை என்று சொன்னேன். மாமா எதிர்ப்புற நடைபாதையில் வாக்கிங் போகத் தீர்மானித்தார். அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த அழகான ஏரிக்கரையை விட்டுவிட்டு, ஒரே வீட்டுக்கு எதிரே காலை முழுக்க நடந்தார்.

“ஏணி பத்தடி கூட இல்ல மாப்பிள்ளை. தெருவுல நின்னு பைனாகுலர்ல கூரையப் பார்க்குறாரு. நான் கலெக்டர் விசிட்லகூட இப்படிப் பார்த்ததில்ல.”

ஏணி மூன்று மீட்டர் எட்டும் அளவுக்குத்தான் இருக்கும், அதற்கு மேல் பைனாகுலர்தான், அது நடைமுறை என்றேன். நடைமுறை என்றதும் அடங்கினார். அரசு ஊழியர்.

அறிக்கை வந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் நிறம் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு. ரவுண்டானாக்களாலேயே ஆன மில்டன் கீன்ஸில் இத்தனை சிக்னலை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் பச்சை. மழைநீர்க் காலில் இலை அடைத்துக் கிடப்பதால் மஞ்சள். மின்சாரத்துக்குச் சிவப்பு: பழுது என்பதற்காக அல்ல, சமீபத்தில் சோதித்த சான்றிதழ் இல்லை என்பதற்காக. சாக்கடைக்கு நிறமே இல்லை. மூடியைத் திறக்க முடியவில்லை, ஆகவே பார்க்கவில்லை. கம்பளத்துக்குக் கீழே பார்க்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் பார்க்கவில்லை. பார்த்ததை எழுதும்போது இருந்த சுருக்கம், பார்க்காததை எழுதும்போது காணாமல் போயிருந்தது.

“பார்க்கலைன்னு எழுதுறதுக்கும் ஃபீஸா?” என்றார் மாமா. “சரி, நாலு மூலையிலயும் அளந்து கல்லு போட்டாரா?”

அதுவும் இல்லை. இந்தப் பரிசோதனையில் நிலத்தை அளக்க மாட்டார்கள். நிலப் பதிவகத்து வரைபடத்திலும் எல்லை ஒரு சிவப்புக் கோடுதான். பொதுவான எல்லை, அங்குலக் கணக்கு கிடையாது. மாமா அன்று இரவு சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த அறிக்கை போதுமானதாக இருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்து மின்சாரத்தைச் சோதிக்கச் சொன்னேன், சான்றிதழ் கிடைத்தது. மழைநீர்க் காலைக் காட்டி விலையைக் குறைக்கலாமா என்று ஏஜென்டிடம் கேட்டதற்கு அவர் மரியாதையாகச் சிரித்தார். ஆனால் மாமா அதற்குள் காரியம் பார்த்திருந்தார். நடைபாதையில் வாக்கிங் போன நாளில் அந்தம்மா அவரைக் கூப்பிட்டு டீ கொடுத்திருக்கிறார். இவர் மேலே கை காட்டி, இலை அடைத்தால் தண்ணீர் எங்கே இறங்கும், சுவர் எப்படி ஊறும் என்று பொதுப்பணித்துறை ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார், பேப்பரில் படம் வரைந்து.

பத்திரம் முடிவதற்கு முந்தின வாரம் ஏஜென்டிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மழைநீர்க் காலை விற்பவர் தன் செலவிலேயே சுத்தம் செய்துவிட்டார்; கராஜில் ஓர் ஏணி இருக்கிறது, அதை அந்தப் பெரியவருக்காக விட்டுப் போகிறார், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“எத்தனை அடின்னு கேளுங்க மாப்பிள்ளை.”