நூற்றெட்டுப் போற்றி

சனிக்கிழமை மத்தியானம், சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து ஒரு தம்பி போன் எடுத்தார். "அண்ணை, மகன் எலெக்ட்ரிக் கிட்டார் பழகிறான். மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒண்டு வாங்கோணும். சின்னதா, எல்லாச் சத்தமும் உள்ளுக்கயே இருக்கிற மாதிரி. எது நல்லது?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் தப்பியதில்லை. குழம்பை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தொடங்கினேன். பையனுக்கு எந்த மாதிரி இசை பிடிக்கும், வீட்டிலே ஆம்ப் இருக்கிறதா இல்லை ஹெட்போன் மட்டுந்தானா, காலால் மிதிக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் வேண்டுமா, கணினியில் பதிவு செய்வானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் என் தீர்ப்பைச் சொல்லி, சோறு ஆறி, மனிசி இரண்டு தரம் எட்டிப் பார்த்து, மூன்றாம் தரம் பாராமலே போய், கடைசியில் நான் மூச்சு விட்ட இடைவெளியில் தம்பி சொன்னார்: "சரியண்ணை. நான் வியாழக்கிழமையே ஒண்டு ஓடர் பண்ணிப்போட்டன். பிழையா எடுத்துப்போட்டனோ எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

எந்தப் பெட்டி என்று கேட்டேன். நான் அதுவரை திட்டிக்கொண்டிருந்த பெட்டி.

சிரிக்காதீர்கள். நீங்களும் இப்படித்தான். வாங்கிய பிறகுதான் விமர்சனம் பார்ப்பீர்கள். பனிக்கால டயரைப் பூட்டிவிட்டு வந்து எந்த டயர் நல்லது என்று கேட்பீர்கள். அதிலும் கிட்டார்க்காரர்கள் மோசம். பெட்டி தபாலில் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பெட்டியின் காணொளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தம்பிக்குச் சொல்ல முடியாமற் போனதை, எதை வாங்க வேண்டும் என்பதை, இந்தக் கட்டுரை முடிவதற்குள் உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

முதலில், நான் இருக்கும் ஓஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஏன் சின்னப் பெட்டி என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே அடுக்குமாடியில் வால்வு ஆம்ப் வைத்து வாசிப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் மேல்மாடிப் பெண்மணி அடுத்த டுக்னாட்டில், அதாவது அயலவர் கூடிச் செய்யும் பொதுவேலையில், இலை கூட்டும்போது, உங்களைப் பார்த்துப் புன்னகைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நோர்வேயில் முப்பது வருடம் இருந்தவனுக்கு அந்தப் புன்னகையின் எடை தெரியும். அதனால்தான் ஹெட்போன். ஹெட்போன் போட்டால் என் காதில் ஓர் அரங்கமே நிறைந்து வழிகிறது. வீட்டாருக்குக் கேட்பது தந்தியில் பிளெக்ட்ரம் தட்டும் 'டிக் டிக்' மட்டுந்தான். ஊரிலிருந்து வந்திருந்த மாமி, அறைக்குள் மருமகன் தையல் மெஷின் ஓட்டுகிறார் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு சாரிப் பிளவுஸைக் கொண்டுவந்து கதவடியில் வைத்தும் விட்டுப் போனார்.

எதிரொலி வேண்டுமென்றால் எங்களுக்குப் பெட்டியே தேவையில்லை என்பது வேறு விஷயம். இரண்டாம் இலக்க நிலக்கீழ் ரயில் வந்து முடியும் எல்லிங்ஸ்ருட்ஓசன் நிலையம், 1981இல் திறந்தது, நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. கடைசி ரயில் போனபின் அங்கே தும்மினால் வருகிற ரிவெர்ப் எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் கிடையாது. அதற்கு அப்டேட்டும் தேவையில்லை.

சரி, பெட்டி. ஒரு காலத்தில் ஒரு சத்தத்துக்கு ஒரு பெடல். ஜப்பான்காரர் பொஸ் எம்ஈ-5 என்று 1988இல் பலவற்றை ஒரு தகட்டில் சேர்த்தார்கள். 1990இல் ஸூம் 9002 வந்தது. அதை கிட்டார் வாரிலேயே கொழுவிக்கொள்ளலாம். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பொட், சிவப்பாக, அவரைக்கொட்டை வடிவில். அதற்குப் பிறகு ஆம்ப், ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்கும் மைக் என்று எல்லாமே கணக்காகிப் பெட்டிக்குள் போய்விட்டன. இன்று பக்கத்து நாட்டு ஹெல்சிங்கியில் இருந்தே குவாட் கோர்டெக்ஸ் என்ற பெட்டி வருகிறது. அதன் விலையில் இங்கே ஓடக்கூடிய ஒரு பழைய கார் வாங்கலாம். தொழில்நுட்பச் சோதனையில் பாஸாகுமா என்பதுதான் சந்தேகம். வரலாறு போதும்.

எனக்கு எரிச்சல் தருவது பெட்டிகளல்ல. அவற்றை வாங்கித் திறந்தவுடன் வரவேற்கிற பிரிசெட்டுகள்.

பொஸ் ஜிடி-1 என்ற சின்னப் பெட்டியில் எஃபெக்டுகள் 108. எண்ணைப் பாருங்கள். அம்மெருட் சிவசுப்பிரமணியர் கோயிலில் ஐயர் நூற்றெட்டுப் போற்றியை முடித்துத் தீபம் காட்டிவிடுவார். நாங்களோ இருபத்தேழாவது போற்றியில், அதாவது சிங்கிள் டிலேக்கும் டேப் டிலேக்கும் வித்தியாசம் என்ன என்ற இடத்தில், விடியும்வரை நின்றுவிடுவோம். இந்த 108ஐ வைத்து நிறுவனத்தார் சமைத்துத் தந்திருக்கும் பிரிசெட் 99. நீங்களாகச் சமைத்து வைக்க இன்னொரு 99 இடம். அந்த இரண்டாவது 99இல் எழுபதைத் தாண்டி நிரப்பிய மனிதரை நான் இன்னும் காணவில்லை. நிரப்பினவர்களும் எல்லாவற்றுக்கும் "கிளீன் 2", "கிளீன் 2 புதுசு", "கிளீன் 2 புதுசு சரி" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எந்தப் பெட்டியானாலும் பிரிசெட்டுகளின் வரிசை ஒன்றுதான். முதலாவது இரைச்சல். கடையில் அரை நிமிடம் நின்று தட்டிப் பார்ப்பவனை மயக்கவென்றே செய்தது. ஒரு தந்தியைத் தொட்டால் மூன்று பேர் வாசிக்கிறார்கள், அதில் ஒருவர் குகைக்குள். இரண்டாவது கோரஸ் போட்ட சுத்தமான சத்தம். எண்பதுகளின் காதல் தோல்விகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. மூன்றாவது தானே வாய் திறந்து மூடும் ஆட்டோ வா. ஒரு தரம் சிரிக்கலாம். பிறகு வருவது ஷிம்மர். ரிவெர்பின் வாலை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி மறுபடியும் ரிவெர்புக்குள்ளேயே ஊட்டிவிடுவது அதன் வேலை. சோற்றுப் பருக்கை அளவு வாசித்தால் போதும், தேவதூதர் கூட்டம் வந்து அரை மணி நேரம் போகாது. வாசிக்கத் தெரியாதவனும் ஷிம்மரில் வாசித்தால் கண்கலங்கலாம். அதுதான் அதன் ஆபத்து. அதற்கடுத்து ரிங் மாடுலேட்டர். உலகத்தில் யாரும் பாவிக்காதது, எல்லாப் பெட்டியிலும் இருப்பது. அதை உள்ளே வைப்பது யார், யார் கேட்டது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

வாசித்ததைச் சற்றுப் பிந்தித் திருப்பிச் சொல்லும் டிலேயைச் சொல்லாமல் விட மாட்டேன். பிரிசெட்டில் இருக்கும் டிலே 375 மில்லிசெக்கன்ட். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற நாலு தட்டுப் பாட்டில், முக்கால் தட்டுக்கு ஒன்றாக அது விழும். அப்படிப்பட்ட ராக் பாட்டுக்கு அது அழகு. எங்கள் கலைவிழாவில் நாங்கள் வாசிப்பது எதை? நித்தி கனகரத்தினம் காலத்துப் பொப் பாட்டு, சிலோன் மனோகரின் சுராங்கனி, அதற்குப் பின்னால் வரிசையாக பைலா. பைலா ஆறெட்டில் குதிக்கிறது. டிலே நாலில் நடக்கிறது. ஒன்று வலக்காலை வைக்கும்போது மற்றது இடக்காலை வைக்கிறது. நான் வாசித்தது எது, பெட்டி வாசித்தது எது என்று எனக்கே தெரியாமற் போக, சபையில் ஆடிக்கொண்டிருந்த மாமா ஒருவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். டிலேயைத் தாளத்துக்குப் பொருத்த 'டாப்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் சின்னப் பெட்டியில் அதே பொத்தான்தான் அடுத்த பிரிசெட்டுக்கும் போகும். கொஞ்சம் நீட்டி மிதித்தால் ட்யூனர் திறக்கும். ட்யூனர் திறந்தால் சத்தம் நின்றுவிடும். எனது தனி ஆவர்த்தனங்களில் பாதி ட்யூனரில் கழிந்தவை.

இதையும் மன்னிக்கலாம். சிதாரை மன்னிக்க முடியாது. பெரிய கம்பனிகளின் பெட்டிகளில் சிதார் என்று ஒரு எஃபெக்ட் வைத்திருக்கிறார்கள். சிதாரில் தட்டையான ஜவாரிப் பாலத்தில் தந்தி உரசி எழுகிற அந்த ரீங்காரத்தை, கணக்குப் போட்டு, ஸ்டீல் தந்தியின் மேல் தெளிக்கிறது பெட்டி. வருவது சிதாருமல்ல, கிட்டாருமல்ல. நோர்வே நண்பர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால், பெட்டியைக் கண்டதும் அதைத்தான் தேடிப் போடுவார்கள். போட்டுவிட்டு, "உங்கள் இசை" என்று என்னைப் பார்ப்பார்கள். வட இந்திய வாத்தியத்தை என் தலையில் கட்டுகிறார்களே என்று எப்படி விளக்குவது? அதிலும் மோசம், எங்கள் ஆட்கள் வந்தால் கேட்பது: "வீணை வருமோ?" வராது. "நாதஸ்வரம்?" வராது. "பிறகென்ன நூற்றெட்டு?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கமகம் பெட்டியில் வராது ஐயா, விரலில்தான் வரும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இரட்டைத் தந்திகளை ஒழித்துவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்தி கட்டிய மின் மாண்டலினில் முழுக் கச்சேரி செய்தார். கிட்டார் பிரசன்னா தந்தியை இழுத்தும் வழுக்கியும் ஆலாபனை செய்கிறார். இங்கே ஓஸ்லோவில் பிறந்த கிட்டார்க்காரர் தேர்யே ரீப்தால், அறுபதுகளில் 'தி வான்கார்ட்ஸ்' குழுவில் வாசித்துத் தொடங்கியவர், பிறகு ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டே மலையும் பனியும் காட்டினார். இவர்களிடம் ரிங் மாடுலேட்டர் இருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் நான் இதைச் சொல்வது உங்களைத் திருத்த அல்ல. நானே நேற்றிரவு பயிற்சிக்கென்று உட்கார்ந்து, ரிவெர்பின் அளவை 31இலிருந்து 33க்கு மாற்றி, திரும்ப 31க்குக் கொண்டுவந்து, நிறைவோடு படுக்கப் போனவன்.

இந்த நோய்க்கு ஆதாரம் வேண்டுமானால் பழைய சாமான் விற்கும் ஃபின் இணையத்தளத்தில் பாருங்கள். ஓஸ்லோ முழுவதும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகள் விற்பனைக்குக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: கிட்டத்தட்டப் பாவிக்கவே இல்லை. புதிதாக வாங்குவதற்கு முன் அங்கே தேடுங்கள், 25 சதவீத வரியை யாரோ ஏற்கெனவே கட்டிவிட்டார். விற்பவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தால், உள்ளே மேசையில் அடுத்த பெட்டி இருக்கும்.

விழா மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வீட்டில் ஒரு மாதம் செதுக்கிய சத்தத்தைக் கொண்டுபோய் மிக்சரில் கொழுவினால், ஒலி பார்ப்பவர் தன் பங்குக்கு ஒரு ரிவெர்ப் சேர்ப்பார். மண்டபம் தன் பங்குக்கு ஒன்று. பிறகு அவர், பாட்டுக்காரப் பிள்ளையின் தகப்பன் கைகாட்டியதும், கிட்டாரை மட்டும் குறைத்துவிடுவார். வேறு சிலர் பெட்டியைக் கிட்டார் ஆம்பில் கொழுவுவார்கள். அப்போது பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பாவனையை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்குள் ஸ்பீக்கராகிச் சத்தம் மந்தமாகும். நிறுத்தும் இடம் மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். மேடையில் விளக்கு அணைந்திருக்கும். கண்ணாடி வீட்டில் இருக்கும்.

எதை வாங்குவது என்று சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன் மின்சாரம். பெடல் உலகத்தில் வழக்கம் 9 வோல்ட், பிளக்கின் நடுவில் எதிர்மின். வீட்டிலுள்ள மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் நேர்மின். மாறிக் கொழுவினால் பெட்டி போய்விடலாம். மின்னோட்டமும் பெட்டிக்குப் பெட்டி வேறு: ஜிடி-1க்கு 200 மில்லியம்பியர் போதும், எச்எக்ஸ் ஸ்டொம்ப் என்ற பெட்டிக்கு 3 அம்பியரில் அடாப்டர் தருகிறார்கள். எங்கள் வீட்டு லாச்சியில் பழைய ரௌட்டர், பழைய போன், சவரக் கருவி, யாருடையதென்று தெரியாத பல்தூரிகை என்று அடாப்டர்கள் பின்னிக் கிடக்கின்றன. எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. போன விழாவில் யாரோ பாயோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நாலு பென்டோர்ச் பற்றரியில் காலம் போகிறது, அவையும் பாட்டின் நடுவில்தான் சாகின்றன.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 9 வோல்ட், நடுவில் எதிர்மின், 500 மில்லியம்பியர் அல்லது அதற்கு மேல். அப்படி ஒன்று உங்கள் லாச்சியில் இருந்தால், குறிப்பாக அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் பாய் சுருட்டியவர் நீங்களாக இருந்தால், எல்லிங்ஸ்ருட் பக்கம் வரும்போது தந்துவிட்டுப் போங்கள். ஒன்றும் கேட்க மாட்டேன்.