கொம்பு முளைக்கிற காலம்

எடி பிள்ளை, ஒஸ்லோ கலைக் கல்லூரியில உனக்கு இடம் கிடைச்சிட்டுது எண்டு கொம்மா வீடு வீடாப் போன் அடிச்சுச் சொல்லி முடிச்சிட்டா. அந்த வேலை இனி உனக்கில்லை. ஓகஸ்டில புது ஆக்களை வரவேற்கிற கிழமை. அதுக்கு முதல் அம்மப்பா சொல்லுறதைக் கேள். கேட்டிட்டு மறந்துபோ, உங்கட வயசுக்கு அதுதானே வழக்கம்.

உன்ர கல்லூரி அக்கர்செல்வாக் கரையில. பேரைக் கேட்டா எங்கட ஒழுங்கைப் பெடியன் மாதிரிக் கிடக்கு, ஆனா அது ஆறு. 1856இல துவங்கின பாய்ச்சீலை ஆலையின்ர கட்டடம் அது. அங்க பெண்டுகள் நெய்த சீலையில கப்பல்கள் காத்தைப் பிடிச்சுது. இப்ப நீங்கள் சீலை இல்லாமலே காத்தைப் பிடிக்கப் போறியள். வரையிறவை, நடிக்கிறவை, பாடுறவை, ஆடுறவை எண்டு தனித்தனி அடுப்பு வச்சிருந்த 5 பள்ளிக்கூடத்தை 1996இல ஒரே குசினிக்குள்ள விட்டவை. அஞ்சு மச்சாள்மார் ஒரு குசினிக்குள்ள நிண்டா 'சட்டி ஆற்ற?' எண்டு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பேர்தான் மாணவர் மன்றம்.

இஞ்ச புது மாணவருக்கு 'ஃபாடர்' எண்டு ஒருத்தரை வைப்பினம். ஃபாடர் எண்டா ஞானத்தகப்பன், ஞானத்தாய். 19 வயசுப் பிள்ளைக்கு 21 வயசுப் பெடியன் ஞானத்தகப்பன்! அவனுக்கு இன்னும் ஞானப்பல்லே முளைச்சிருக்காது. எண்டாலும் சிரிக்காத. ஊரில அதே வயசுப் பெடியள் புது ஆக்களை எப்பிடி வரவேற்றவை எண்டு கொப்பரிட்டைக் கேள். பகிடிவதை எண்டு அதுக்குப் பேர். பகிடியில துவங்கி வதையில முடிஞ்சு, கடைசியில 1998இல இலங்கைப் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்தது. பகிடி மட்டும் காணும். அதைத்தான் நானும் இப்ப செய்யிறன்.

இந்த நோர்வேக்காரரும் லேசுப்பட்ட ஆக்களில்லை. 1811இல இஞ்ச பல்கலைக்கழகம் நிறுவ முன்னம் நோர்வேப் பெடியள் கோப்பன்ஹேகனுக்குப் போய்த்தான் படிச்சவை. அந்தக் காலத்தில புதுசா வாறவனுக்குத் தலையில கொம்பு வச்சு, பிறகு அதைக் கழட்டித்தான் மாணவனா ஏத்துக்கொள்ளுவினமாம். மே மாசம் சிவப்பு உடுப்போட பஸ்ஸில கூத்தடிக்குதுகளே 'ரூஸ்', அந்தப் பேரே கொம்பு கழட்டுறதைச் சொல்லுற லத்தீன் சொல்லின்ர வாலாம். நாங்களும் 'உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?' எண்டுதானே கேக்கிறனாங்கள். ஆனா பிள்ளை, புதுசா வாறவளுக்குக் கொம்பு கிடையாது. தலைவியான பிறகுதான் அது முளைக்கும்.

நீ மாணவர் மன்றத் தேர்தலுக்கு நிப்பாய், எனக்குத் தெரியும். மூண்டு வயசிலேயே பாயாசத்துக்கு வரிசை ஒழுங்கு பண்ணின ஆள் நீ. கெதியாத் தலைவியாக வழி சொல்லுறன். முதல் கூட்டத்திலேயே 40 நிமிசம் கதை. கூட்டக் கடுதாசியளை வாசிச்சுப் போடாத. வாசிச்சாச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தாக் குரல் இறங்கும். தீர்மானம் எடுக்கிற சபையளில 20 வீதத்துக்குக் குறையாத கதிரை மாணவருக்கு எண்டு இஞ்ச சட்டம் இருக்கு. அந்தக் கதிரையில நித்திரை கொள்ளக்கூடாது எண்டு சட்டத்தில இல்லை.

உன்ர கல்லூரிக்குப் பாட்டி முறை, 1818இல துவங்கின வரைதல் பள்ளிக்கூடம். 1881இல எட்வர்ட் முங்க் அங்க போய்ச் சேர்ந்தவர். 1893இல அவர் வரைஞ்ச 'அலறல்' படத்துக்கு எக்கபெர்க் மலைதான் இடம் எண்டு சொல்லுவினம். எனக்கெண்டா அந்த முகம், மூண்டு மணித்தியாலக் கூட்டம் முடியிற நேரத்தில தலைவர் 'வேற விசயங்கள்' எண்டு திரும்ப வாய் திறக்கேக்க பின்வரிசையில இருந்தவன்ர முகம்.

நானும் ஒருக்காத் தலைவரா இருந்தனான். எந்தச் சங்கம் எண்டு கேளாத. பொன்னாடை போத்தினவை, நான் நெஞ்சை நிமித்தினன். ஒரு பெப்ரவரி ஞாயிறு, கலைவிழா. தலைவர் எண்டா ஆகக் கடைசியாத்தான் வரோணும் எண்டு வேணுமெண்டே பிந்திப் போனன். மண்டபத்துத் திறப்பு என்ர கோட்டுப் பொக்கற்றுக்குள்ள! வாசலில பனி கொட்டுது. ஆட வந்த பிள்ளையள் சலங்கையைக் கையில பிடிச்சபடி வரிசையா நிக்குதுகள். பெரியாக்கள் ஒருத்தரும் என்னை ஏசேல்லை. ஒரு சின்னப் பெட்டை மட்டும் நடுங்கிக்கொண்டு, "அப்பா, கதவு" எண்டாள். அது கொம்மாதான். கொம்பு அந்த வாசலிலயே விழுந்திட்டுது.

அதால சொல்லுறன், வடிவாத் தலைவியாகு. ஆனா புது ஆக்கள் வாற அண்டைக்குத் திறப்போட முதல் ஆளாய்ப் போ. கூட்டம் முடிஞ்சாக் கோப்பிக் கேத்திலை நீயே கழுவி வை. ஓகஸ்ட் வந்தா ஒருக்காத் தலையைத் தடவிப் பார். கைக்கு ஏதும் தட்டுப்பட்டா எனக்குப் போன் அடி. ஊரில எத்தினை மாட்டுக்குக் கொம்பு சீவின கை இது.