வாசல் பக்கம் மட்டும்

கொரோனா வந்த 2020-இல் ஹூஸ்டன் புறநகரில் எங்கள் தெருக்காரர்களுக்கு விமானம் ஏறப் பயம், ஹோட்டலில் தங்கப் பயம், வீட்டிலேயே கிடக்கவும் பயம். ஆளாளுக்கு மோட்டார் ஹோம் வாங்கினார்கள். கூட்டத்தைக் கண்டால் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்பே வரிசையில் போய் நின்றுவிடும் ரேஷன் கடைப் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. நானும் ஒன்று வாங்கினேன். 2004 மாடல். ஃபோர்டு ஈ-450 சேஸிஸ் மேல் கட்டிய ஒண்டுக்குடித்தனம் அது. ஓட்டுகிறவர் தலைக்கு மேல் ஒரு கட்டில், பின்னால் அடுப்பு, அதற்கும் பின்னால் உள்ளே போனால் திரும்ப முடியாத குளியலறை. கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தாலே பெரிய மனசு. "இந்தப் பெட்ரோல் காசுக்கு நல்ல ஹோட்டலா பார்த்து ரூம் போட்டிருக்கலாம். காலையில இட்லி இல்லாட்டியும் வாஃபிளாவது போடுவான்" என்பது என் மனைவியின் கணக்கு.

வாங்கிய அன்றே, முன்னால் பிதுங்கி நிற்கும் அதன் நெற்றியில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அழுக்கு என்றேன் நான். "தேமல் மாதிரி இருக்குங்க. பரவும்" என்றாள் அவள். பரவியது.

இந்த வண்டிகளின் பெயின்டில் நிறம் வேறு, பளபளப்பு வேறு. நிறம் தருகிற பேஸ் கோட்டுக்குச் சொந்தமாகப் பளபளப்பு கிடையாது. அதன் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட்டை அடிக்கிறார்கள். கனம் சுமார் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன்கூட வராது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு அடியிலிருக்கும் நிறத்தைக் காப்பாற்ற அதில் ஒரு ரசாயனம் கலந்திருக்கும். டெக்ஸாஸ் வெயிலில் வருஷக்கணக்காக நின்றால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். அப்புறம் பூச்சு முதலில் மங்கும், பிறகு பால் நிறமாகும், பிறகு செதில் செதிலாக உரியும். மங்கலோடு நின்றால் ரப்பிங் காம்பௌண்ட் போட்டுத் தேய்த்து மீட்டுவிடலாம். உரிய ஆரம்பித்துவிட்டால், இல்லாத பூச்சைப் பளபளக்க வைக்கிற மெழுகு எந்தக் கடையிலும் விற்பதில்லை. இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கி, கராஜ் அலமாரியை மெழுகு டப்பாவால் நிரப்பிவிட்டுத்தான் சொல்கிறேன்.

வெளியில் விலை கேட்டேன். முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கப் பத்தாயிரம் டாலருக்கு மேலே ஆகும் என்றார் கடைக்காரர். சொல்வதற்கு முன் எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டியதிலிருந்தே அனுபவஸ்தர் என்று தெரிந்தது.

போகட்டும், உரிந்தால் உரியட்டும் என்று விடவும் வழியில்லை. பத்து வயது தாண்டிய மோட்டார் ஹோமை, இந்த வண்டிகளை நிறுத்தித் தங்குகிற தனியார் ஆர்.வி. பார்க்குகள் சில இங்கே உள்ளே விடுவதில்லை. இரக்கமுள்ளவர்கள், போட்டோ அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். நானும் அந்தி மயங்கும் நேரமாகப் பார்த்து, வண்டியைத் தள்ளி நிறுத்தி, முன்னால் குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். "குடும்பம் அழகாக இருக்கிறது. வண்டியைக் காட்டுங்கள்" என்று பதில் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்து இறங்கினார். அரசுப் போக்குவரத்துக் கழக ஒர்க்‌ஷாப்பில் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்தே ரிட்டயரானவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"தகரம் இல்லையே, மாப்ளே?"

"ஃபைபர் கிளாஸ், மாமா."

"அப்ப துருவே ஏறாது. பின்ன என்ன கவலை?"

கிளியர் கோட் விவகாரத்தை விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நாங்க வருஷா வருஷம் எஃப்.சி.க்கு முன்னாடி எனாமல் அடிப்போம். வெயில்ல வெளுக்கும், கைய வெச்சா மாவா ஒட்டும். தேய்ச்சுட்டு மறுபடி அடிச்சா முடிஞ்சுது. கண்ணுக்கே தெரியாத பெயின்டுக்கா இந்த ஊர்ல காசு வாங்குறான்?"

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த எங்கள் குடியிருப்புச் சங்கம் 48 மணி நேரம்தான் அனுமதிக்கும்; அதுவும் பயணத்துக்குச் சாமான் ஏற்ற மட்டும். ஆகவே இரண்டு காலிப் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் பக்கவாட்டில் ஓடிய அலை அலையான ஸ்டிக்கர். வெடித்து, ஓரம் சுருண்டு கிடந்தது. மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டிக் காட்டி உரித்தேன். அதற்கடியில் வெயிலே படாமல் 2004-ஆம் வருஷத்து நீலம் அப்படியே இருந்தது. ஸ்டிக்கர் போயிற்று, அதன் அச்சு முன்னைவிடப் பளிச்சென்று நிலைத்துவிட்டது. ஹேர் டிரையர் அன்றோடு என் சொத்தாயிற்று.

அடுத்தது தேய்ப்பு. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும்போது வழிகிற நீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாலாக வந்தால் கரைவது கிளியர் கோட். நீலம் கலந்தால் பேஸ் கோட்டில் கை வைத்துவிட்டோம் என்று பொருள். எனக்கு நீலமும் வந்தது, அதைத் தாண்டி ப்ரைமரின் சாம்பலும் வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சமையலறை வந்திருக்கும். மாமனார் உப்புத்தாளை வாங்கிக்கொண்டார். "கண்ண மூடிக்கிட்டு விரலால தடவுங்க மாப்ளே. எங்க விரல் தட்டுதோ அங்க இன்னும் தேய்க்கணும்." தட்டியது. தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க, நல்ல பூச்சு என்று நம்பியிருந்த இடமும் ஓரத்திலிருந்து எழும்பிக்கொண்டு வந்தது. இந்த வேலையின் சூட்சுமமே அதுதான். திட்டு உள்ளங்கை அளவு இருக்கும்; ரிப்பேர் கதவளவு ஆகிவிடும். எங்கே நிறுத்துவது என்று நமக்குத் தெரியாவிட்டால் முழு வண்டியும் கையோடு வந்துவிடும். ஓடுகிற பட்டையோ பேனல் ஜாயின்ட்டோ பார்த்து, அதோடு நிறுத்த வேண்டும். மாமனார் யோசித்து, கதவு இருக்கிற வலப்பக்கமும் நெற்றியும் மட்டும் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். "போட்டோவுக்கு ஒரு பக்கம் போதாதா?"

ஸ்ப்ரே டப்பாவிலேயே ஹார்டனரோடு வருகிற கிளியர் கோட் உண்டு. அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே இரண்டும் கலக்கும். கலந்தபின் இரண்டு நாளுக்குள் அடித்துத் தீர்க்காவிட்டால் டப்பாவிலேயே இறுகிவிடும். சங்கத்தின் கெடுவும் டப்பாவின் கெடுவும் கைகோத்துக்கொண்டன. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவையே கொண்டுவந்து விடலாம் என்பதால் கரி வடிகட்டி வைத்த முகமூடி, கண்ணாடி, கையுறை, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டேன். நாயோடு வந்த எதிர்வீட்டு அம்மாள் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று, "மறுபடியும் வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

பூச்சு நன்றாகவே வந்தது. ஈரத்தில் என் முகம் தெரிந்தது. ஆனால் மாதம் மே. இந்தப் பக்கம் மே மாதத்திலும் செப்டம்பரிலும் லவ் பக் என்ற கறுப்புப் பூச்சி ஆணும் பெண்ணும் ஒட்டியபடியே பறக்கும். தனித்தனியாக வந்திருந்தால் சேதம் பாதிதான். கையை நீட்டப் போனேன்.

"ஈரத்துல கை வைக்காதீங்க மாப்ளே! காயட்டும். பொணத்த அப்புறம் எடுக்கலாம்."

நன்றாகக் காய்ந்தபின் 2000-ஆம் நம்பர் தாளால் தேய்த்து, காம்பௌண்ட் போட்டு எடுத்தோம். சில கால்கள் உள்ளேயே தங்கிவிட்டன. இன்னும் பல வருஷங்களுக்குப் புறஊதாக் கதிர் அவற்றை ஒன்றும் செய்யாது.

நடுப்பகலில், தைரியமாக, குடும்பத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வலப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். "அருமை. மறுபக்கத்தையும் ஒன்று அனுப்புங்கள்" என்றார்கள். கம்ப்யூட்டரில் அதே படத்தை இடம் வலம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்றார் மாமனார். போட்டேன்.

இரண்டு பக்கமும் வாசல் வைத்த மாடலை அந்த பார்க்கில் யாரும் பார்த்ததே இல்லையாம். எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறார்கள். மாமனாரும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். என் மனைவி ஹோட்டலுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.