மூன்றாம் கரண்டி ரசமும் அயல்நாட்டு மாணவர் நட்பும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

நட்புக்கென்று வள்ளுவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் ஒதுக்கினார். ஆனால் அடையாற்றில் விடுதி அறை கிடைத்த அயல்நாட்டு மாணவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் வீட்டில் சாப்பிடுவார் என்பதைச் சொல்லாமல் விட்டார். உரையாசிரியர்களும் விட்டார்கள். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பதவி உயர்வு உபநோக்கம்.

ஆய்வுக் களம்: மேற்கு ஜெர்மனி உதவியோடு 1959-இல் பிறந்த ஐஐடி, ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் போகும் 29சி பேருந்து.

நட்பு நால்வகைப்படும். ஆட்டோ நட்பு, பேரம் படியும் வரை. நோட்ஸ் நட்பு, செமஸ்டர் வரை. தி.நகர் நட்பு, ரங்கநாதன் தெருக் கூட்டம் நெருக்குவதால் உண்டாவது. பேர் கேட்பதற்குள் இருவரும் வெவ்வேறு கடைக்குள் தள்ளப்பட்டிருப்பார்கள். நான்காவது ரச நட்பு.

இது 'போதும்' என்ற சொல்லை ஆதாரமாகக் கொண்டது. முதல் போதும் மரியாதை (எதிர்வீட்டு மாமி, வாய்மொழி). இரண்டாம் போதும் கூச்சம் (மேற்படி மாமி, திருத்திய பதிப்பு, கையில் கரண்டியோடு). மூன்றாவதற்கு மட்டுமே பொருள் உண்டு. அதையும் யாரும் ஏற்பதில்லை (மேற்படி மாமி, நாத்தனாரின் உரையை மறுத்து அடுப்படியிலிருந்து உரக்க அருளியது, குக்கர் மூன்றாம் விசில், பாட பேதங்களுடன்).

மறுத்தால் என்ன ஆகும்? 1914-இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் போன கணித மேதை ராமானுஜன், நண்பர் ஒருவரையும் இரு பெண்களையும் அறைக்கு அழைத்துத் தானே சமைத்து ரசம் பரிமாறினார். மூன்றாம் முறை விருந்தினர் வேண்டாமென்றதும் சத்தமில்லாமல் வெளியேறி, டாக்சி பிடித்து ஆக்ஸ்போர்டு போய்விட்டார். திரும்பச் சில நாள் ஆயிற்று. அவர் ஐயங்கார் ஆதலால் 'ரசம்' என்பதைச் 'சாத்தமுது' எனத் திருத்தி வாசிக்க வேண்டும் என்று முப்பது பக்கம் எழுதக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. அந்த முப்பது பக்கத்தில் ராமானுஜன் பசியோடிருந்தாரா என்பது வராது.

இனி நேரடிச் சான்று. மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு வீடு, நடனம் கற்க வந்த ஜெர்மானிய மாணவி, முன்னால் வாழையிலை. சாதத்தில் குழி பறிக்கத் தெரியாததால் முதல் கரண்டி இலை நுனி தாண்டி மடியை நோக்கி ஓடியது. இரு கையாலும் அணை கட்டினாள். "விட்டுக்கோங்கோ, வெட்கப்படாதீங்கோ" என்றாள் மாமி. இரண்டாம் கரண்டிக்கு அணை தாங்கியது. மூன்றாவதைக் கையில் வாங்கிக் குடித்தாள். மிளகு ஏறிக் கண்ணில் நீர் வழிந்ததை நன்றியுணர்ச்சி என்று மாமி பதிவு செய்திருக்கிறாள். ஆய்வாளர் அதைத் திருத்தவில்லை.

நான்காம் ஞாயிறு மாமி சாப்பிட உட்கார, கரண்டி மாணவியின் கைக்குப் போயிருந்தது. "போதும்டி" என்று மாமி இலைக்குக் குறுக்கே கை நீட்டினாள். அது எத்தனையாவது போதும் என்று விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, மாணவி கரண்டியைச் சாய்த்தாள்.