ஈரம் படாமல் காத்தவருக்கு



கொடுத்த பொருளை இவ்வளவு சுத்தமாகத் திருப்பித் தந்தவர் நீங்கள் ஒருவர்தான். கத்தியைக் கொடுத்தால் முனை மழுங்கி வரும், புத்தகத்தைக் கொடுத்தால் அட்டை கிழிந்து வரும். என் பிஎச் மீட்டரோ உங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, பஞ்சு சுற்றி, டப்பாவில் படுத்து, பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சீர்வரிசை போல வந்து சேர்ந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடிக் குமிழில் பொட்டு ஈரம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அப்படி ஒரு பளபளப்பு.

நான் கொடுத்தபோது அது இருந்த கோலம் எனக்குத் தெரியும். மூடிக்குள் பழைய தண்ணீர் தேங்கிக் கிடந்தது. விளிம்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உங்களால் பொறுக்க முடியவில்லை. தேங்கிய தண்ணீரைக் கண்டால் உடனே கொட்டிக் கவிழ்க்கிற ஊரில் வளர்ந்தவர். லண்டனுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கை மாறவில்லை. கொட்டினீர்கள். பூத்த உப்பை நகத்தால் சுரண்டினீர்கள். குமிழை மெல்லிய துணியால் திரும்பத் திரும்பத் தேய்த்தீர்கள். எவ்வளவு பொறுமை!

நீங்கள் கொட்டியது பொட்டாசியம் குளோரைடு கரைசல். 100 மில்லிக்கு ஏறக்குறைய 22 கிராம் உப்பு சேர்த்தால் வரும் 3 மோலார் கரைசல். அந்தக் குமிழுக்கு அதுதான் சோறு. மெல்லிய கண்ணாடியின் மேல்தோல் நீரை உறிஞ்சி ஊறியிருக்க வேண்டும். ஊறிய அந்தத் தோல்தான் ஹைட்ரஜன் அயனிகளை உணர்கிறது. காய்ந்துவிட்டால் அது வெறும் கண்ணாடி. அருகே ஒரு நுண்துளை வழியாக உள்ளிருக்கும் உப்புக்கரைசல் துளித்துளியாகக் கசிந்து மின்சுற்றை முடித்து வைக்கும். விளிம்பில் பூத்தது அந்த உப்புதான், தண்ணீரில் காட்டினால் கரைந்து போயிருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் நிலைமின்சாரம் ஏறும், அளவு கொஞ்ச நேரம் அலையும். உங்கள் கை தேய்த்த தேய்ப்புக்கு அது எவ்வளவு அலைந்திருக்குமோ.

முதல் வாரம் டிஸ்டில்ட் வாட்டரில் ஊற வைத்தீர்களாமே. அதற்கும் உங்களை மெச்ச வேண்டும். குழாய்த் தண்ணீர் போதாது, கடையில் காசு கொடுத்து வாங்கிய, உப்பே இல்லாத நீர்தான் வேண்டும் என்று நினைத்தீர்கள். அவ்வளவு தூய நீர் தன்னிடம் இல்லாததைப் பிறரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். உள்ளிருந்த பொட்டாசியம் குளோரைடு நுண்துளை வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தது. மீதியைச் சிலிக்கா ஜெல் பார்த்துக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. திருப்பித் தரும்போது, “அளவையும் சரிபார்த்துட்டேன், 7 பஃபர்ல 7-தான் காட்டுது” என்றீர்கள். கடன் வாங்கிய பொருளை யார் இப்படிச் சோதித்துத் தருகிறார்கள்? பஃபர் என்பது பிஎச் முன்பே தெரிந்த கரைசல்; 7 என்பது அந்தக் கருவிக்குச் சுழி மில்லிவோல்ட். குமிழ் விரிசல் விட்டாலும், உயிர் போனாலும், அது காட்டுவது பெரும்பாலும் 7-ஐ ஒட்டித்தான் இருக்கும். நலமாக இருக்கிறதா என்று அறிய 4 பஃபரிலும் தோய்த்துப் பார்க்க வேண்டும். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட், மூன்று அலகுக்கு 177. உங்கள் வார்த்தையில் எனக்கு இருந்த நம்பிக்கையால் அந்தச் சோதனையை நான் செய்யவில்லை.

ஒரு சனிக்கிழமை பியர் காய்ச்ச மால்ட் ஊறப் போட்டேன். லண்டன் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்று உங்களுக்குத் தெரியும். அதில் இருக்கும் பைகார்பனேட் மால்ட் கூழின் பிஎச்சை மேலே தூக்கும். அந்தக் காலத்தில் இந்த ஊருக்குக் கறுப்பு போர்ட்டர் பியர் பொருந்திப் போனதற்கு இதுவும் ஒரு காரணம், வறுத்த மால்ட்டின் அமிலம் தண்ணீரைச் சமன் செய்தது. வெளிறிய மால்ட்டில் அந்த உதவி கிடைக்காது, அளந்து பார்த்துத்தான் அமிலம் விட வேண்டும். கரண்டியில் எடுத்து ஆறவைத்து மீட்டரை நனைத்தேன். 5.8. லாக்டிக் அமிலம் விட்டேன். கொஞ்சம்தான் இறங்கியது. இன்னும் விட்டேன். சோர்ந்த மின்முனை எந்த அளவையும் 7 பக்கமாக இழுத்துக் காட்டும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கூழ் உண்மையில் 5.4-ல் சரியாகவே இருந்திருக்கிறது. இருபது லிட்டர் பியர் இப்போது புளித்த மோர் மாதிரி நாக்கைச் சுருக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, “எலுமிச்சை போட்டீர்களா?” என்று கேட்டார்.

மறுநாள் 4 பஃபரில் வைத்தேன். 4.9 காட்டியது. ஐந்து நிமிடம் நின்றேன், 4.6 வரை ஊர்ந்து வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரவு முழுவதும் பொட்டாசியம் குளோரைடில் ஊறப்போட்டிருக்கிறேன். சில குமிழ்கள் இப்படி எழுந்து வருவதுண்டு. நல்ல கவனிப்பிலேயே ஒரு மின்முனை ஓரிரு வருஷம்தான் உழைக்கும். இதற்கு இன்னும் பத்து மாதம் இருந்தது.

பிஎச் என்ற அளவே பியர்க்காரர்கள் வீட்டில் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சென் 1909-ல் அதை வகுத்தார். அந்த வழியில் வந்த கருவிக்கு உங்களைப் போன்ற ஒருவர் கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல் துவட்டிவிடக் கிடைத்தார்.

எனக்கு அந்தச் சுத்தம் வராது. வேலை முடிந்ததும் குமிழைத் தண்ணீரில் அலசி, உதறி, ஒட்டியிருக்கும் சொட்டைக் காகிதத்தில் ஒற்றி எடுப்பேன், தேய்க்க மாட்டேன். மால்ட்டின் புரதம் படிந்து அளவு மந்தமானால், பெப்சின் கலந்த அமிலக் கரைசலில் சற்று ஊறவிட்டு அலசுவேன். பிறகு மூடிக்குள் கரைசலை விட்டு, குமிழ் நனையும்படி மூடி, நிமிர்த்தி வைப்பேன். கரைசல் கைவசம் இல்லாத நாளில் 4 பஃபர் போதும். உப்புப் பூத்தால் பூக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

வரும் வாரம் உங்களுக்கு வெப்பமானி வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அடுக்களை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அதை எவ்வளவு வேண்டுமானாலும் துடைத்து உலர்த்தலாம்.