விரலுக்கு வேலை போதும், காலுக்கு?

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகன் பள்ளி விட்டு வந்தால் செல்போனும் கையுமாகவே உட்கார்ந்திருக்கிறான். திட்டியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்? (ஒரு தாய், காரவள்ளி)

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா, வெளியே கூட்டிப் போங்கள். 5 முதல் 17 வயதுள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகம் முழுக்க 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை என்று 2019-ல் அதன் ஆய்வு சொன்னது. இது உங்கள் பையனின் சோம்பல் மட்டுமில்லை.

உங்கள் ஊரைத் தாண்டினால் கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். செல்போனில் அத்தனையையும் விரலாலேயே ஓட்டிவிடுவான்! வண்டி போகும் சாலை நடக்க ஆகாது. ஒரு ஞாயிறு மலைமேல் இருக்கும் ஆகாய கங்கை அருவிக்குப் போங்கள். ஆயிரம் படிக்கு மேல். இறங்கும்போது வாய் ஓயாமல் பேசுவான். ஏறும்போது தொடை கடுத்து, பாதியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பான். அன்றிரவு அடித்துப்போட்டாற்போல் தூங்குவான். ஆடியில் அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அங்கே விழா. வில்வித்தைப் போட்டியையும் காட்டுங்கள்.

மற்ற நாள் மாலைகளில் தெருப் பிள்ளைகளோடு கபடியோ, ஓடிப்பிடித்தலோ போதும். இரவு படுக்குமுன் வீட்டுச் செல்போன்கள் எல்லாம் அலமாரிக்குப் போகட்டும், முதலில் உங்களுடையது.