இன்ஷியல்களின் கமிட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எல்லோருக்கும் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கத் தோன்றும் போலிருக்கிறது. காபி ஆறுவதற்குள் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் முன்னாள் தலைவர் போன் செய்துவிட்டார். "தம்பி, கரெக்டாத்தான் அடிக்கிறேன். திரும்பத் திரும்ப அதே பெட்டி வருது. என்னைச் சந்தேகப்படுதா?"

சந்தேகமே இல்லை. அவர் பாஸ்வேர்டு சரி. உள்ளே விட வேண்டியவர்களின் குழுவில்தான் அவர் இல்லை. சங்கத்தின் இணையப் பக்கத்தை நடத்தும் அப்பாச்சி சர்வர், பாஸ்வேர்டு தப்பானாலும் குழுவில் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: 401. உடனே பிரவுசர் பெட்டியை மறுபடி நீட்டும். 'உங்களைத் தெரியும் சார், ஆனால் உள்ளே விட உத்தரவில்லை' என்று சொல்ல அதற்கு வாய் வராது. அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் 403 என்று ஒழுங்காகச் சொல்லும். அந்த வரியை யார் சேர்க்கிறார்கள்?

உள்ளே போனவர் லாக்-அவுட் செய்ய வழியே வைக்காத கொடுமையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அது இன்னொரு நாளைக்கு. இன்று இந்தக் குழுக் கோப்பு.

பாஸ்வேர்டு கோப்பில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், முக்காற்புள்ளி, ஹாஷ். பெயருக்குள் முக்காற்புள்ளிதான் ஆகாது, இடைவெளி இருக்கலாம். குழுக் கோப்பிலோ குழுவின் பெயர், முக்காற்புள்ளி, அப்புறம் உறுப்பினர்கள் இடைவெளி விட்டு வரிசையாக. இதை வகுத்தவர் இன்ஷியல் போடுகிற ஊர்க்காரர் இல்லை. எங்கள் செயலாளரோ மரியாதை தெரிந்தவர். எல்லோரையும் இன்ஷியல், புள்ளி, இடைவெளி, பெயர் என்று ஏற்றிவிட்டார். ஒரு கோப்பில் ஒரே ஆள், இன்னொன்றில் இரண்டு ஆள்.

ஆகவே சர்வர் கணக்குப்படி எங்கள் நிர்வாகக் கமிட்டியில் எஸ். ஓர் உறுப்பினர். ஆர். ஓர் உறுப்பினர். வி. ஓர் உறுப்பினர். யோசித்தால், இவ்வளவு நல்ல கமிட்டி எங்களுக்கு அமைந்ததில்லை. எஸ். பராமரிப்புத் தொகை பாக்கி வைத்ததில்லை. வி. பிறர் இடத்தில் காரை நிறுத்திவிட்டு போனை அணைத்ததில்லை. மொட்டை மாடியில் வடகம் காயவைத்துவிட்டு, காக்கை தூக்கியதற்கு வாட்ச்மேனை ஆர். திட்டியதில்லை. மூவரும் கூட்டத்துக்கு வருவதில்லைதான். மற்றவர்கள் மட்டும் வருகிறார்களா? அடுத்த தேர்தலில் ஆர். பொருளாளருக்கு நின்றால் என் ஓட்டு அவருக்கே. எஸ். தலைவரானால் லிஃப்ட் ஓடும் என்றுகூட நம்பத் தொடங்கிவிட்டேன். வி.க்கு லேசான முன்கோபம் இருக்கலாம். மூவரில் கடைசி எழுத்தாயிற்றே.

பொருளாளரின் மருமகன் ஐ.டி.யில் இருக்கிறார். அவர் சரிசெய்ய வந்து, 'சி' போட்டு ஹெச்டிபாஸ்வேர்டு கட்டளையைத் தட்டினார். 'சி' என்றால் புதுக் கோப்பு. பழையது இருந்தால் அதன் மேலேயே எழுதும், கேட்காது. மொத்தக் குடியிருப்பிலும் மிஞ்சிய ஒரே யூசர் அவர் மாமனார்.

இத்தனை பூட்டுக்கும் உள்ளே இருப்பது தண்ணீர் லாரி பில். அதே பில் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. பூட்டியது தெரிந்த பிறகுதான் எல்லோருக்கும் பார்த்தாக வேண்டும். மிஞ்சிய அந்த ஒரே பாஸ்வேர்டோ 'யாருக்கும் சொல்லாதீங்க' என்ற குறிப்போடு வாட்ஸாப்பில் பால்காரர் வரைக்கும் போயாயிற்று.

இப்போது செயலாளருக்குப் புது யோசனை. பதவி போனவர்கள் மனம் நோகாமலிருக்க இன்னொரு குழு வேண்டுமாம். பெயரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'கௌரவ உறுப்பினர்'. நடுவில் இடைவெளியோடு.